எட்டடி மூன்றங்குலம்

போன மாதம் மகன் ஒரு பி.பி. மெஷின் வாங்கி வந்தான். தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எழுத நோட்டுக்குப் பஞ்சமில்லை. முப்பத்தொரு வருஷம் தாவரவியல் டீச்சராக இருந்தவள் வீட்டில் பாதி எழுதிய ரெக்கார்டு நோட்டுகள் அலமாரி நிறையக் கிடக்கும். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் படம் வரைய வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் தேதி, மேல் எண், கீழ் எண் எழுதுகிறேன். வெள்ளைப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று முந்தின நாள் தொட்டுக்கொண்ட ஊறுகாயை எழுதுகிறேன். அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டுவதில்லை.

லீவுக்கு வந்திருந்த பேரன், பிளஸ் ஒன் படிக்கிறான், மெஷினை எட்டிப் பார்த்தான்.

“நூத்தம்பதுன்னா எதுல நூத்தம்பது ஆச்சி?”

“மில்லிமீட்டர்ல. பாதரசம்.”

“இதுல பாதரசமே இல்லையே.”

கேள்வி நியாயம்தான். முன்பெல்லாம் டாக்டர் மேஜையில் நீளப் பெட்டி ஒன்று இருக்கும், மூடியைத் திறந்தால் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறி இறங்கும். பாதரசம் போய்விட்டது, அதன் கணக்கு மட்டும் மிச்சம். நோட்டைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். ரத்தம் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், 1.06. ஆக 150 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ரத்தமாக இருந்தால் 1,924 மில்லிமீட்டர். ஆறடி மூன்றே முக்கால் அங்குலம். ரத்தக்குழாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி நிமிர்த்திப் பிடித்தால் என் ரத்தம் அவ்வளவு உயரம் ஏறி நிற்கும். நான் ஐந்தடி.

“ஒங்க ரத்தம் ஒங்களவிட உசரமா? யாராவது அப்படிச் செருகிப் பாத்திருக்காங்களா?”

“பாத்திருக்காரு. ஒரு பாதிரியார். குதிரைக்கு.”

அவன் நம்பவில்லை. அவனுக்காகச் சொல்ல ஆரம்பித்ததுதான் இங்கே கொஞ்சம் நீளமாக வருகிறது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பெயரை நான் எத்தனை நூறு தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று தெரியாது. ‘தாவரச் செயலியலின் தந்தை’. ஒரு மார்க் கேள்வி. இலை தண்ணீரை ஆவியாக விடும் நீராவிப்போக்குப் பாடத்தில் ஒரு வரி, வேர் தண்ணீரை மேலே தள்ளும் வேரழுத்தத்தில் ஒரு வரி, அதோடு மனிதரை இறக்கிவிட்டுவிடுவோம். அவர் ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர் என்பதும், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே கிராமத்தில் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் முடித்து, அடக்க ஆராதனை நடத்தியவர் என்பதும் ரிட்டயர்டு ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் என் அப்பாவே உபதேசியார். சபை வேலை என்றால் என்ன என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சபைக் குருவை ‘ஐயர்’ என்போம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் குழம்பிப்போவார்கள். எனக்கு அவர் இப்போது ஹேல்ஸ் ஐயர்தான்.

ஹேல்ஸ் ஐயர் 1677-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், கேன்டர்பரிக்குப் பக்கத்திலுள்ள பெக்ஸ்போர்ன் என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். 1696-இல் கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்குப் போனார். படித்தது குருத்துவத்துக்கு, கை போனது வேறு பக்கம். தன்னைவிட இளையவரான வில்லியம் ஸ்டூக்லியோடு ஊருக்கு வெளியே காக் மேகாக் குன்றுகளில் ஏறி, ஜான் ரேயின் தாவரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செடி செடியாகத் தேடியிருக்கிறார். இரண்டு பேருமாகத் தவளை அறுத்திருக்கிறார்கள். கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்று காட்டப் பித்தளையில் ஒரு யந்திரமும் செய்து வைத்திருந்தார். நியூட்டனின் பேச்சாகவே இருந்த கேம்பிரிட்ஜ் அது.

1709-இல் டெடிங்டனுக்கு வந்தார். இன்றைக்கு அது லண்டனின் ஒரு பகுதி; அன்றைக்குத் தேம்ஸ் கரையில் ஒரு கிராமம். பதவியின் பெயர் நிரந்தர உதவிகுரு. சம்பளம் கொஞ்சம், ஆனால் லேசில் யாரும் தூக்கிவிட முடியாது. என் அப்பாவை நாலைந்து வருஷத்துக்கு ஒரு ஊர் மாற்றுவார்கள். நாங்கள் வைத்த முருங்கையில் ஒன்றுகூட நாங்கள் இருக்கும்போது காய்த்ததில்லை. ஹேல்ஸ் ஐயர் 1709-இல் வைத்த செடியை 1761-இல் சாகும்வரை பார்த்திருக்கலாம். அவர் செய்ததையெல்லாம் படிக்கும்போது, இந்த இடம் மாறாமைதான் அவருக்குக் கிடைத்த பெரிய கருவி என்று எனக்குப் படுகிறது. பதினைந்து நாள் இரண்டு வேளையும் ஒரு சூரியகாந்தியை நிறுத்துப் பார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது எங்கேயும் போகாமலிருப்பது.

இதற்கு இடையில் வேறு ஊர்களின் குருப் பதவியும் அவர் பேரில் இருந்தது. முதலில் சாமர்செட்டில் போர்லாக், பிறகு ஹாம்ப்ஷையரில் ஃபாரிங்டன். பேர் ஒருத்தருக்கு, வருமானமும் அவருக்கு, வேலை பார்க்கக் கூலிக்கு இன்னொரு இளைய குரு. அந்தக் காலத்தில் அது தப்பாகத் தெரியவில்லை. 1720-இல் மேரி நியூஸ் என்பவரைக் கல்யாணம் செய்தார். அடுத்த வருஷமே அந்த அம்மாள் இறந்துபோனார். பிள்ளை இல்லை, மறுமணமும் இல்லை.

சரி, சூரியகாந்திக்கு வருவோம்.

1724 ஜூலை. தொட்டியில் மூன்றரை அடி உயரச் சூரியகாந்தி. தொட்டி வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, விளிம்பெல்லாம் அடைத்துவிட்டார். தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் குழாய், அதற்குத் தக்கை. காற்றுக்கு ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். இனி தொட்டியின் எடை குறைந்தால், குறைந்தது இலை வழியாகப் போன தண்ணீர்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நிறுத்தார். சராசரியாக ஒரு பகலில் இருபது அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பனி விழுந்த இரவில் எடை குறையவே இல்லை. இது மனிதன் வியர்ப்பதைவிட எவ்வளவு அதிகம் என்று பார்க்காமல் விடுவாரா? அளவுக்கு அளவு பதினேழு மடங்கு என்று கணக்குப் போட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. செடியின் இலைகளையெல்லாம் வெட்டினார். அளவு வாரியாக ஐந்து குவியலாகப் பிரித்தார். ஒவ்வொரு குவியலிலும் ஒன்றை எடுத்து, நூலால் பின்னிய ஒரு வலைச் சட்டத்தை அதன்மேல் வைத்தார். வலையின் ஒவ்வொரு கட்டமும் கால் அங்குலம். கட்டங்களை எண்ணினார். மொத்த இலைப்பரப்பு 5,616 சதுர அங்குலம், சரியாக 39 சதுர அடி. நான் பிள்ளைகளுக்கு வரைபடத் தாளில் பூவரச இலையை வைத்து ஓரம் வரையச் சொல்லி, பாதிக்கு மேல் மூடிய கட்டம் என்றால் ஒன்று என்று எண்ணு, குறைவென்றால் விட்டுவிடு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேனே, அதேதான். தாளுக்குப் பதில் நூல். ஐயர் விளக்கு வைத்துக்கொண்டு கட்டம் எண்ணுவதை நினைத்தால் எனக்கு என் வகுப்பின் கடைசி பெஞ்சு ஞாபகம் வருகிறது. அங்கே யாரும் எண்ண மாட்டார்கள். முன் பெஞ்சுக்காரியின் விடையில் இரண்டைக் கூட்டி எழுதிவிடுவார்கள்.

வேரழுத்தம் அவருக்குத் தற்செயலாகக் கிடைத்தது. திராட்சைக் கொடியை வெட்டக் கூடாத பருவத்தில் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் சாறு வடிகிறது, நிற்கவில்லை. கொடி செத்துப்போகுமே என்று என்னென்னவோ வைத்து அடைத்துப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் மிருகத்தின் மூத்திரப்பைச் சவ்வை இழுத்து வெட்டுவாயின்மேல் கட்டினார். சாறு அந்தச் சவ்வையே உப்ப வைத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இன்னும் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஐயர் சவ்வை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் குழாயை வைத்தார். குழாய்மேல் குழாயாக ஒட்டிக்கொண்டே போக, சாறு இருபத்தோரு அடி ஏறியது. பிறகு பாதரசம் வைத்து அளந்தபோது அழுத்தம் இன்னும் கூடுதலாகவே வந்தது. குதிரையின் தொடைத் தமனியில் ரத்தத்துக்கு இருக்கும் விசையைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று எழுதினார். கையும் காலும் இல்லாமல் பந்தலில் கிடக்கிற கொடிக்கு.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் வகுப்பில் இதே சோதனையைக் காசித்தும்பைச் செடியில் செய்து காட்டினேன். தண்டை வெட்டி, ரப்பர் குழாயை மாட்டி, நூலால் சுற்றிக் கட்டி, பாதரசமானியைப் பொருத்தி, மட்டத்தில் மையால் ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அறுபது பிள்ளைகள் எட்டிப் பார்க்க, பாதரசம் கோட்டைவிட்டு அசையவே இல்லை. ரப்பர் குழாய் வெடித்துப் போயிருந்தது, சாறெல்லாம் தொட்டியில். நான் அசராமல் “ஏறியதாக வரைந்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அறுபது ரெக்கார்டு நோட்டிலும் ஏறாத பாதரசம் ஏறியது. நானே கையெழுத்தும் போட்டேன். ஹேல்ஸ் ஐயரைப் படிக்கும்போதெல்லாம் அந்த அறுபது கையெழுத்து உறுத்துகிறது.

இதையெல்லாம் சேர்த்து 1727-இல் ‘வெஜிடபிள் ஸ்டாடிக்ஸ்’ என்று புத்தகமாகப் போட்டார். அதை அச்சிட லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் அனுமதி வேண்டும். தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டவர் ஐசக் நியூட்டன். அது பிப்ரவரி, மார்ச்சில் நியூட்டன் இல்லை. பொருள்களைச் சூடாக்கி அவை விடும் வாயுவைத் தண்ணீருக்கு மேல் பிடித்துவைக்கும் ஏற்பாடும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. பின்னால் வாயுக்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் பிரீஸ்ட்லியும் லவோய்சியரும் அந்த வழியில்தான் போனார்கள். இலைகள் காற்றிலிருந்து உணவு எடுக்கின்றனவோ, வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டோ என்றுகூடக் கேட்டு வைத்துவிட்டார். விடை வர இன்னும் ஐம்பது வருஷம் ஆனது.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே, படைத்தவர் எல்லாவற்றையும் எண், நிறை, அளவு பார்த்துத்தான் படைத்தார், ஆகவே அவர் வேலையைப் புரிந்துகொள்ள நாமும் எண்ணி நிறுத்து அளப்பதே வழி என்று சொல்கிறார். யோபு புத்தகத்தில் காற்றுக்கு நிறையும் ஜலத்துக்கு அளவும் வைத்தவர் என்று வருமே, அப்பா அதைப் பிரசங்கத்தில் ராகம் போட்டுச் சொல்வார். ஹேல்ஸ் ஐயர் தராசோடு அதைக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது குதிரை. பேரன் காத்திருந்ததும் இதற்குத்தான்.

1733-இல் ரத்த ஓட்டத்தைப் பற்றிய புத்தகம் வெளிவந்தது, ஆனால் சோதனைகள் அதற்கு வெகு முன்பே நடந்தவை. முதலில் நாய்கள், பிறகு குதிரைகள். ஒரு டிசம்பர் மாதம். பதினான்கு வயதுப் பெண்குதிரை, தோள்மேட்டில் புரையோடிய புண். அதை உயிரோடு மல்லாத்திக் கட்டினார்கள். இடது தொடைத் தமனியைத் திறந்து, அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு துளையுள்ள பித்தளைக் குழாயைச் செருகினார். அதன்மேல் ஒன்பதடிக் கண்ணாடிக் குழாய். தமனியில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தார். ரத்தம் ஒரே பாய்ச்சலில் பாதி உயரம் போனது. பிறகு துடிப்புக்குத் துடிப்பு எட்டு, ஆறு, நாலு, இரண்டு அங்குலம் என்று படிப்படியாக ஏறி, இதயத்தின் மட்டத்திலிருந்து எட்டடி மூன்று அங்குலத்தில் நின்றது. நின்றது என்றாலும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மூன்று அங்குலம் ஏறி இறங்கியது. நான் தினமும் எழுதுகிற மேல் எண், கீழ் எண் இரண்டையும் முதலில் கண்ணால் பார்த்த சாட்சி அதுதான்.

பேரன் கணக்குப் போட்டான். பாதரசத்தில் கிட்டத்தட்ட 196. “ஹை பி.பி. குதிரை” என்றான். மல்லாத்திக் கட்டித் தொடையைத் திறந்தால் உனக்கும் எனக்கும் ஏறாதா என்றேன்.

அதோடு விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை வெளியே விட்டு, ஒவ்வொரு தடவையும் உயரம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்தார். இன்னொரு குதிரையில், அது உதறும்போது கண்ணாடி உடையாமலிருக்கப் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வளையக்கூடிய இணைப்பு வேண்டியிருந்தது. ரப்பர் இல்லாத காலம். கூஸ் என்ற பெருவாத்தின் மூச்சுக்குழாயைப் பயன்படுத்தினார். மனிதனுக்கு ரத்தம் ஏழரை அடி ஏறும் என்று கணித்தார். நோயாளிக்கு இதைச் செய்ய முடியாது என்பதால் அது அங்கேயே நின்றது. 1828-இல் பிரான்ஸில் புவாசேய் பாதரசத்தைக் கொண்டுவந்தார், 1896-இல் இத்தாலியில் ரிவா ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கொண்டுவந்தார், 1905-இல் ரஷ்யாவில் கொரோட்காஃப் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். என் கையில் சுற்றியிருப்பது அந்தப் பட்டைதான்.

நாய் அறுப்பது அவருக்கே ஒரு கட்டத்தில் சகிக்காமல் போய், விட்டுவிட்டுத்தான் செடிகளுக்கு வந்தார். ஆனால் மறுபடியும் திரும்பினார். பக்கத்து ஊரான ட்விக்கனமில் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் இருந்தார். இருவரும் நண்பர்கள், போப்பின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஹேல்ஸும் ஒருவர். போப் நாய்ப் பிரியர். ஹேல்ஸ் ரொம்ப நல்ல மனுஷர், கையில் இத்தனை ரத்தம் இருப்பதுதான் வருத்தம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எலியையா அறுக்கிறார் என்று கேட்டதற்கு, நாயையும்தான் என்றாராம். எனக்கும் போப்பின் கட்சிதான். ஆனாலும் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச எனக்குத் தைரியமில்லை.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஜின் குடித்து லண்டன் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1734-இல் பெயர் போடாமல் சாராயத்துக்கு எதிராக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். சிறுநீரகக் கல்லைக் கரைப்பதாகச் சொல்லி ஜோவானா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணி ஒரு மருந்து விற்றார். அதன் ரகசியத்தைப் பார்லிமென்ட் 5,000 பவுன் கொடுத்து வாங்கியது. பிரித்துப் பார்த்தால் முட்டை ஓடு, நத்தை ஓடு, சோப்பு, கொஞ்சம் பச்சிலை. அதைச் சோதித்தவர்களில் நம் ஐயரும் உண்டு. கல் பற்றிய வேலைக்காக 1739-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் கிடைத்தது. எத்தனையோ வேலைகளில் அதற்குப் போய்ப் பதக்கம்.

அறுபது வயதுக்கு மேல் அவருக்குப் பிடித்தது காற்று. அடைத்த இடத்தில் திரும்பத் திரும்ப மூச்சுவிட்ட காற்று கெட்டுவிடுகிறது என்று சோதனையில் பார்த்திருந்தார். கப்பலின் அடித்தளம், சிறை, ஆஸ்பத்திரி எல்லாம் அப்படித்தானே? 1741-இல் காற்று மாற்றும் யந்திரத்தை அறிவித்தார். யந்திரம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், நம் கொல்லுப்பட்டறைத் துருத்திதான். ஆள் உயரத்தைவிட நீளமான மரப்பெட்டி, உள்ளே கீல் வைத்த பலகை, ஏற்றம் மிதிப்பதுபோல் இரண்டு பேர் நெம்புகோலை ஏற்றி இறக்கினால் கெட்ட காற்று வெளியே, நல்ல காற்று உள்ளே.

1750-இல் நியூகேட் சிறைக் கைதிகளிடமிருந்து பரவிய காய்ச்சலில் லண்டன் மேயரும் இரண்டு நீதிபதிகளும் செத்துப்போன பிறகுதான் பெரிய மனிதர்களுக்கு இதில் அக்கறை வந்தது. 1752-இல் நியூகேட்டின் கூரையில் காற்றாலை வைத்து அதனால் துருத்தியை ஓட்டினார்கள். பொருத்தப் போன தொழிலாளிகளில் பலருக்கு அதே காய்ச்சல் வந்தது. சவாய் சிறையில் வருஷத்துக்கு ஐம்பது முதல் நூறு பேர் செத்துக்கொண்டிருந்தது, துருத்தி வைத்த பிறகு 1749 முதல் 1752 வரை நாலு பேராகக் குறைந்தது என்று ஐயர் கணக்குக் கொடுத்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால் காரணம் தப்பு. அந்தக் காய்ச்சலைப் பரப்பியது கெட்ட காற்று இல்லை, பேன். அது தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. பிரான்ஸோடு சண்டை நடந்த காலத்தில், ஆங்கிலேயக் கைதிகள் இருந்த பிரெஞ்சுச் சிறைகளுக்கும் இந்தத் துருத்தி போனது. எதிரியோடு கடிதத் தொடர்பு என்று யாரும் என்னைப் பிடித்துக்கொடுக்காமலிருந்தால் சரி என்று சிரித்தாராம்.

ஆனால் துருத்தி வேறு கப்பல்களுக்கும் போனது. 1755-இல் ராயல் சொசைட்டிக்கு அவர் அனுப்பிய அறிக்கையின் தலைப்பிலேயே அது இருக்கிறது: அடிமைக் கப்பல்களிலும் பிற கப்பல்களிலும் துருத்தியால் விளைந்த பெரும் நன்மை. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டி ஏற்றிப்போன கப்பல்களின் சொந்தக்காரர்களும் கேப்டன்களும், சரக்கு சாகாமல் போய்ச் சேர்ந்தது என்று அவருக்கு நன்றி எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஹென்றி எல்லிஸ். ‘ஏர்ல் ஆஃப் ஹாலிஃபாக்ஸ்’ என்ற அடிமைக் கப்பலின் கேப்டன். அந்தக் கப்பலிலிருந்துதான் 1751-இல், ஐயர் வடிவமைத்துக் கொடுத்த வாளியைக் கயிற்றில் கட்டி ஐயாயிரம் அடிக்கு மேல் இறக்கி, ஆழ்கடல் நீர் எவ்வளவு குளிர்ச்சி என்று அளந்தார்கள். கடலியல் வரலாற்றில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். மேலே வந்த குளிர்ந்த தண்ணீரில் கேப்டன் ஒயினைக் குளிர வைத்துக்கொண்டார். அடித்தளத்தில் யார் கிடந்தார்கள் என்பது வேறு கதை ஆகிவிடுகிறது.

இத்தனைக்கும் அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த ஜார்ஜியா குடியேற்றத்தின் அறங்காவலர்களில் ஹேல்ஸும் ஒருவர். அந்த அறங்காவலர்கள் 1735-இல் ஜார்ஜியாவில் அடிமை முறையையே தடை செய்தவர்கள். அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவருக்கு இந்தக் கப்பல் எங்கே போகிறது என்று தெரியாதா? சிறைக் கைதி, மாலுமி, அடிமை எல்லோரையும் காப்பாற்றிய உயிர் என்று ஒரே பட்டியலில் எழுதுகிறார். மூச்சுவிடுகிற எல்லோருக்கும் நல்ல காற்று வேண்டும், சரிதான். அடித்தளத்தில் ஏன் கிடக்கிறார்கள் என்று அவர் கேட்டதாக நான் படித்தவற்றில் எங்கேயும் காணவில்லை. அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வேறெதுவும் சொல்லமாட்டார்.

சபை வேலையில் ஐயர் எப்படி? கறார். ஒழுக்கம் தவறினார்கள் என்று பெண்களை ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பிராயச்சித்தம் செய்ய வைத்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தைப் பெரிதாக்கினார், ஆலயத்துக்குக் கோபுரம் கட்டினார். 1754-இல் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். அதைச் சபைப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும் விதம் இருக்கிறதே! தண்ணீர் நன்றாக வருகிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுதினால் போதாதா? இரண்டு குவார்ட், அதாவது சுமார் இரண்டு லிட்டர், பிடிக்கும் பாத்திரம் ஒன்று, நொடிக்கு ஒரு தடவை ஆடும் ஊசலின் மூன்று ஆட்டத்தில் நிரம்புகிறது என்று எழுதுகிறார். அது போதாதென்று, அந்த ஊசலின் நீளம் தொங்கும் ஆணியிலிருந்து குண்டின் நடுவரை 39 அங்குலமும் பத்தில் இரண்டும் என்று அதையும் எழுதுகிறார். யாராவது பின்னால் வந்து சரிபார்ப்பார்கள் என்ற நம்பிக்கை. ஏறாத பாதரசத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

இளவரசர் ஃபிரெடரிக் சொல்லாமல் கொள்ளாமல் இவருடைய சோதனை அறைக்கு வந்து நிற்பாராம். இளவரசர் இறந்த பிறகு இளவரசி அகஸ்டா இவரைத் தம் அரண்மனைக் குருமாரில் ஒருவராக வைத்துக்கொண்டார். வின்ட்சரில் பெரிய பதவி ஒன்று இவரைக் கேட்காமலேயே இவருக்கு என்று முடிவானது. ஐயர் இளவரசியிடம் போய், தயவுசெய்து அதைத் தடுத்துவிடுங்கள், டெடிங்டனில் இருக்கவே விருப்பம் என்று கேட்டுக்கொண்டார். 1761 ஜனவரி 4-இல், எண்பத்து மூன்று வயதில் இறந்தார். தான் கட்டிய கோபுரத்துக்கு அடியிலேயே புதைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அகஸ்டா அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தார். வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு அமெரிக்க மரத்துக்கு அவர் பெயரால் ஹேலீசியா என்று பேர்.

ஐயர் பேரில் குருப் பதவி இருந்த ஃபாரிங்டனுக்குப் பக்கத்து ஊர் செல்போர்ன். அங்கே இருந்த கில்பர்ட் வைட்டும் குருதான், பறவைகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவர். ஹேல்ஸ் ஐயரைத் தெரிந்தவர். வயதான பிறகு அவரைப் பற்றிச் சில ஞாபகங்களை எழுதியிருக்கிறார். பழ அப்பம் சுடும்போது பாகு பொங்கி வழியாமலிருக்க அடியில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்படி வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாராம். இன்னொன்று: ஒற்றையடிப் பாதைகளில் நட்டிருந்த கட்டைகளின் தலையில், இருட்டில் வருகிறவர்கள் முட்டிக்கொள்ளக் கூடாது என்று, ஐயர் தன் கையாலேயே வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாராம்.

பேரன் நேற்று ஊருக்குப் போய்விட்டான். இன்று காலை 138. கோடு போட்ட பக்கத்தில் எழுதிவிட்டு மறுபக்கம் பார்த்தால், இந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளுக்கும் எதிரே பென்சிலில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். கடைசி வரியை நானே போட்டேன். ஐந்தடி ஒன்பதே முக்கால் அங்குலம். நாரத்தங்காய், ஒரு துண்டு.